தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மொழிபெயர்க்கப் போன இடத்தில். கார்டன் ரீச்சில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் யார்டு. அதன் மேற்பார்வையாளர் தபஸ்தா எங்கள் கீழ்வீட்டுக்காரர். ஒருநாள் காலையில் ஃபோன் செய்தார். “தீதி, கொஞ்சம் வர முடியுமா? உங்க ஊர்க்காரங்க. என்ன சொல்றாங்கன்னே புரியல.” நான் பிறந்தது இதே நகரத்தில், காளிகாட்டில். இருந்தாலும் தமிழ் பேசுகிறவர் யாரானாலும் அவருக்கு என் ஊர்க்காரர்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: காலை வெயிலில் ஹூக்ளி பித்தளைத் தாம்பாளம் போல—

விட்டுவிட்டேன். யார்டிலிருந்து நதி தெரியாது.

அடுத்தது: முத்துக்குமாருக்கும் வாசுகிக்கும் பாலசோர் தாண்டியதிலிருந்து பேச்சு இல்லை.

இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

2

நாமக்கல்லைச் சேர்ந்த கணவன் மனைவி. இருவரிடமும் கனரக லைசென்ஸ் உண்டு. மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். பாலசோர் டீக்கடையில் முத்துக்குமார் தன் அண்ணனிடம் ஃபோனில், “அவ சும்மா சமைச்சுப் போட வர்றா” என்று சொன்னது வாசுகியின் காதில் விழுந்துவிட்டது.

(இதை அவள் பிறகு, கிளம்பும் முன்புதான், என்னிடம் சொன்னாள். கதை எழுதுகிறவருக்கு முன்னதாகவே தெரிந்துகொள்ளும் சலுகை உண்டு.)

அவர்கள் எடுத்துப்போக வேண்டிய டிரெய்லர் யார்டில் தயாராக நின்றது. அதன் மேல் கப்பலுக்கான இரும்புத் தண்டு, தார்ப்பாய் போர்த்தி. டிரெய்லரின் முன்பாகத்தை இரண்டு முட்டுக்கால்கள் தாங்கியிருந்தன. அடியில் கிங்பின் என்ற குட்டை இரும்பு தொங்கும். இழுக்கிற முன்வண்டியின் முதுகில் ஒரு தட்டு, தட்டின் நடுவே கவ்வி. முன்வண்டி பின்னால் வந்து தட்டை அடியில் நுழைக்க, கிங்பின் கவ்விக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

[இந்தப் பத்தியில் உவமை சேர்த்துப் பார்த்தேன். இரும்பு ஏற்கவில்லை.]

கிங்பின் என் மணிக்கட்டுப் பருமன்தான். அத்தனை டன்னும் அதை நம்பி ஊர் ஊராகப் போகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நெடுஞ்சாலையில் டிரெய்லரைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன்.

3

நான் போனபோது வண்டி மாட்டியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். முத்துக்குமார் கேபினில் இருந்தார். முட்டுக்காலைத் தூக்க வேண்டிய வாசுகி, அதன் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

“கீ போல்சே?” என்றார் தபஸ்தா. என்ன சொல்கிறாள்?

வாசுகி என்னைப் பார்த்தாள். “வண்டி மாட்டலீங்க அக்கா. அவர்கிட்ட சொல்லுங்க.”

“தபஸ்தாகிட்டயா?”

“இல்லீங்க.” கேபினைக் காட்டினாள். “அவர்கிட்ட.”

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன்.

“பூட்டுன சத்தம் கேட்டுச்சு. இழுத்தும் பாத்துட்டேன், பிடிச்சு நிக்குதுன்னு சொல்லுங்க” என்றார் முத்துக்குமார்.

“தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. கிங்பின் கவ்விக்கு மேல உக்காந்திருக்குதுன்னு சொல்லுங்க.”

தபஸ்தா அவசரப்படுத்தினார். கனரக வண்டிகளை நகருக்குள் விடாத நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே சந்தை, மீன் பைகளோடு மக்கள், ஒரு ஸ்கூல் வேன். முட்டுக்காலைத் தூக்கிவிட்டுக் கிளம்பினால், முதல் பள்ளத்திலேயே டிரெய்லர் கழன்று அவர்கள் நடுவில் விழலாம்.

இங்கே வாசுகியைச் சந்தேகித்தேன். ஒரு வரைவில், டீக்கடைப் பேச்சுக்காகக் கணவனைப் பழிவாங்குகிறாள் என்றுகூட எழுதினேன். ஆனால் அவள் பார்வை கேபின் பக்கம் போகாமல், கேட்டுக்கு வெளியே ஸ்கூல் வேன் மேலேயே இருந்தது. பழிவாங்குகிறவள் அங்கே பார்க்க மாட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

முத்துக்குமார் இஞ்சினை நிறுத்தி இறங்கினார். டார்ச்சோடு குனிந்து வெகுநேரம் பார்த்தார். நெற்றியில் கிரீஸோடு நிமிர்ந்தவர், என் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் தபஸ்தாவிடம் தெரிந்த இந்தியில் சொன்னார்: “லாக் நஹி. மேடம் சஹி.” பூட்டவில்லை, வாசுகி சொன்னதுதான் சரி.

4

முன்வண்டியை மெல்ல வெளியே எடுத்தார். டிரெய்லர் உயரமாக நின்றதுதான் கோளாறு; கிங்பின் உள்ளே போகாமல் நுனியில் மட்டும் தொத்தியிருந்தது. வாசுகி கைப்பிடியைச் சுற்றி அதன் முன்பாகத்தை இறக்கினாள். பிறகு அவர் கண்ணாடியில் தெரியும்படி ஒதுங்கி உட்கார்ந்தாள். வண்டி பின்னால் வரத் தொடங்கியது. இனி என் வழியாகச் சொல்லி அனுப்ப நேரமில்லை.

“வாங்க… வாங்க… மாமா, நில்லுங்க!”

நின்றது.

“கொஞ்சம் இடது. இப்ப வாங்க.”

தட்டு அடியில் நுழைந்தது. அந்தப் பெரிய பாரம் முழுவதும் ஒரு நூல் மேலே எழுந்தது. ‘டக்’ என்ற சத்தம் என் உள்ளங்கால் வழியாக வந்தது. முத்துக்குமார் முன்னால் இழுத்துப் பார்த்து, இறங்கி வந்தார். ஒரே டார்ச்சில் இருவரும் குனிந்தார்கள்.

“அக்கா, நீங்களும் பாருங்க.”

பார்த்தேன். வெளிச்சம் இல்லை. கவ்வி கிங்பின்னின் கழுத்தை முழுக்கச் சுற்றியிருந்தது. எனக்குப் புல்லரித்தது. கோயிலில்கூட நான் அவ்வளவு குனிந்ததில்லை.

5

ஒரு வரைவில் டிரெய்லர் சந்தையில் விழுகிறது. அதைக் கிழித்துப்போட்டேன். மீன் வாங்கியவர்கள் பேரம் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், நடந்தது அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஒன்றை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

பிரேக் ஹோஸ்களை மாட்டி, முட்டுக்காலைத் தூக்கினார்கள். முத்துக்குமார் சாவியை அவளிடம் நீட்டினார். “அண்ணனுக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்புன்னு சொல்லிரட்டா?”

வாசுகி சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். “அது இருக்கட்டும். மொதல்ல எங்கிட்ட—”

அவர் மறுபக்கம் ஏற, இஞ்சின் உறுமியது. மீதி கேட்கவில்லை.

“கீ போல்சே?” என்றார் தபஸ்தா.

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. அந்த வாக்கியத்தை வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடாதீர்கள். வண்டி கேட்டைத் தாண்டும்போது அவர்கள் இருவரும், நடுவில் யாரும் இல்லாமல், நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.