கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏசி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அக்கா இறந்த வாரம் துக்கம் கேட்க வந்தவரிடம், “அவளுக்காகத்தான் ஏசி வாங்கினேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அன்று வெயில் மண்டையைப் பிளந்து... (வேண்டாம். எல்லாக் கதையிலும் வெயில் அடிக்கிறது.)

அக்காவுக்கு மூட்டு நோய் வந்த வருடம்தான் என் கம்ப்யூட்டரும்... (நிறுத்திவிட்டேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதானே குற்றம்.)

நடந்ததையே சொல்கிறேன். கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே படமாகச் செய்து தருவது என் தொழில். ஒரு படத்துக்கு ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் ஓட வேண்டும்; கோடையில் நடுவிலேயே அணைந்துவிடும். பழுது பார்ப்பவர் வந்து மூடியைக் கழற்றினார்.

“ஃபேன் நல்லாத்தான் சுத்துது சார். ஆனா ரூம் காத்தைத்தானே அது உள்ள இழுக்கும்? ரூமே அடுப்பா இருந்தா அது என்ன பண்ணும்? ஏசி போடுங்க. சூடு குறைஞ்சா பார்ட்ஸ் இன்னும் பல வருஷம் உழைக்கும்.”

“எவ்வளவுல வைக்கணும்?”

“இருபத்திரண்டு போதும். குளிர்காத்து நேரா கம்ப்யூட்டர் கேபினட் மேல அடிக்காம பாத்துக்கங்க.”

அடிக்காதபடி திருப்பி வைத்தேன். எதிர்ச் சுவரோரம் அக்காவின் கட்டில் இருந்தது.

3

கணவர் போன பிறகு என்னோடு வந்துவிட்டவள் அவள். வீட்டில் இருந்ததே ஒரு அறை. முதல் பிரதியில் இப்படிப் பேசினாள்: “எனக்கென்னடா, ரெண்டு போர்வை இருக்கு. மெஷின் நல்லா இருந்தா சரி.”

(இது நான் எழுதிக்கொடுத்த வசனம். அவள் சொன்னது வேறு.)

“குளிரைக் கொஞ்சம் குறைடா. விரல் மடங்கவே மாட்டேங்குது.”

“இன்னும் ரெண்டு மணி நேரம்தான்க்கா. இப்ப சூடாச்சுன்னா மொத்த வேலையும் போயிடும்.”

அந்த இரண்டு மணி நேரம் மூன்று வருடம் நீண்டது. கைகளில் என் பழைய காலுறைகளை மாட்டிக்கொண்டு தூங்கப் பழகினாள்.

(அடிக்குறிப்பு: நோய் முற்றியதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். வலிக்குச் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.)

4

இந்தப் பத்தியை ஏழு முறை அழித்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம், கம்ப்யூட்டரின் பின்னால், சூடான காற்று வெளியேறும் இடத்தில், இரு கைகளையும் நீட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“தள்ளி உக்காருக்கா. காத்து வெளிய போக வேணாமா?”

“சரிடா” என்றாள். சுவரைப் பிடித்து எழுந்து, கட்டிலுக்கே போய்விட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தாள். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. இதை அதில்தான் எழுதுகிறேன்.

5

ஒரு முடிவில் நான் எழுந்து ஏசியை அணைக்கிறேன். இன்னொன்றில் அவளே அணைத்துவிட்டு என்னை ஏசுகிறாள். இரண்டும் நடக்கவில்லை. மூன்றாவதாக, கடைசிக் காட்சியில் அவளைப் பேசவைக்கலாம். பேசினால் மன்னித்துவிடுவாள், அவள் சுபாவம் அது. ஆனால் அந்த மன்னிப்பை எழுதுவது என் கை.

அதனால் நிறுத்திக்கொள்கிறேன். முடிவை நீங்கள் எழுதுங்கள். அவளைக் கோபப்பட விடுங்கள்.