ஓவியத்தில் விடுபட்ட வீடு

அருங்காட்சியகத் தோட்டத்தில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக ஓவியக்காரி ஆற்று வளைவை வரைந்து முடித்த அன்று மாலை, அந்த வளைவில் இருந்த அவளுடைய அக்காவின் மாடி வீடு காணாமல் போனது. உள்ளே யாரும் இல்லை. அக்காவும் அத்தானும் கடைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வாசற்படி இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது.

ஊருக்கு இது புதிதில்லை. ஓவியக்காரி வெட்டவெளியில் உட்கார்ந்துதான் வரைவாள். குடையை விரித்து, மடக்கு நாற்காலியில் அமர்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். எது உறுத்துகிறதோ அதை வரையாமல் விட்டுவிடுவாள். அவள் விட்டது எதுவும் பொழுது சாய்ந்த பிறகு அந்த இடத்தில் இருக்காது. முதலில் ஒரு விளக்குக் கம்பம் போனது. அப்புறம் ஒரு விளம்பரப் பலகை, பாதி கட்டி நின்றுபோன ஒரு சுவர். நகராட்சியிலிருந்து விசாரிக்க வந்தவர்கள், அப்படியே அந்தக் குப்பை மேட்டையும் வரையாமல் விட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சில வருஷங்களில் ஊர் துடைத்து வைத்த மாதிரி ஆனது. அவளுக்கு அதில் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது?

ஆனால் அக்காவின் வீட்டை அவள் வேண்டுமென்று விடவில்லை. ஒரு கண்ணை மூடினாள், கண்ணைக் கூசவைக்கும் ரோஸ் நிறம் ஒன்று ஆற்றின் வளைவைக் கெடுத்தது, விட்டுவிட்டாள். யார் வீடு என்று யோசிக்கவில்லை. தூரிகையைக் கையில் எடுத்தால் அவளுக்கு உற்றார் உறவினர் கிடையாது.

அக்கா கூச்சல் போடவில்லை. கடைப்பையோடு நேராகத் தங்கையின் வீட்டுக்கு வந்தாள்.

"என் வீடு எங்கடி?"

"அது இருந்தா ஆத்தோட வளைவு கெட்டுப்போகுதுக்கா."

"சரி. நாங்க எங்க படுக்கறது?"

வரையும் அறையில் படுத்தார்கள். அத்தான் விட்ட குறட்டையில் படச் சட்டங்கள் ஆடின. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று வாரம் கழிந்தபோது அக்கா தூரிகைகளையெல்லாம் பாத்திர சோப்பு போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்கத் தொடங்கியிருந்தாள். இதற்கிடையில் அருங்காட்சியக இயக்குநர் வந்து படத்தைப் பார்த்தார். தோட்டத்தின் நடுவில் இதுதான் நிற்கும், இனி ஒரு கோடுகூட இதன்மேல் விழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிட நல்ல படம் தான் வரைந்ததில்லை என்று ஓவியக்காரிக்கும் தெரியும். ரோஸை வைத்தால் படம் போகும். வைக்காவிட்டால் அக்காவுக்கு வீடு இல்லை.

சமாதானமாக, மரத்தடியில் கண்ணில் படாத அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வீட்டை வைத்துப் பார்த்தாள். மாலையில் அது மரத்தடியில் வந்து நின்றது. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கோழியை அடைக்கலாம். உங்க அத்தான் அடைய மாட்டார்."

ஓவியக்காரி அதைக் கத்தியால் சுரண்டிவிட்டாள். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

"அந்தக் கலர் நானே பார்த்துப் பார்த்து எடுத்தது. நல்லா இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல. நல்லா இல்லன்னும் சொன்னதில்ல" என்றாள்.

ஊரில் உள்ள புல் பூண்டையெல்லாம் கண் நோகப் பார்த்தவள், அக்காவின் வீட்டை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் படத்தை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அக்கா பின்னால் நின்று ஜன்னல் ஜன்னலாகச் சொல்லச் சொல்ல, ரோஸைக் குழைத்துத் தாராளமாகப் பூசினாள். மாலைக்குள் வீடு வந்துவிட்டது. அதற்கு இடம் கொடுத்து ஆறு கொஞ்சம் தள்ளி வளைந்துகொண்டது. முன்பைவிட நல்ல வளைவு. படகுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பாதையை மாற்றிக்கொண்டார்கள். இயக்குநர் படத்தைப் பார்த்து வாயைத் திறந்தார், ஆற்றைப் பார்த்து மூடிக்கொண்டார். படத்தைத் தோட்டத்தின் நடுவிலேயே நிறுத்தினார்.

கண்காட்சி திறந்த அன்று, புறப்படுவதற்கு முன் அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மாடியில் அவள் சொல்லாத ஓர் அறை இருந்தது. வரைவதற்கு ஏற்ற வடக்கு வெளிச்சம் விழும் பெரிய ஜன்னல், ஆணி அடிக்கத் தோதான வெறும் சுவர். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கட்டில் ஒன்றை இழுத்துப் போட்டு, மெத்தையைத் தட்டி விரித்துவிட்டு, தங்கையின் படத்தைப் பார்க்கக் கிளம்பினாள்.