அவியாத அடுப்பு

துலுக்காணம் இறந்த மறுநாளிலிருந்து காக்களூர் நெல் மில்லின் இரண்டாவது அடுப்பு அணையவில்லை. அது 1965 ஆடி மாதம். உமி போடுவாரில்லாமல் அது பன்னிரண்டு வருஷம் எரிந்தது, அதற்குப் பிறகும் எரிந்தது. பதினெட்டு வருஷமாக அந்த அடுப்பின் முன்னால் குந்தி, உமியைத் தள்ளித் தள்ளி ஊரார் நெல்லை அவித்துக் கொடுத்தவன் துலுக்காணம். மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். மனைவி சாராள் சர்ச்சுக்குப் போகிறவள், அவன் போகாதவன். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சொல்வாள். "முழுகறதுக்கு இன்னாமே அவசரம்? நாள் பூரா ஆவியிலதான் முழுகினு கீறேன்" என்பான். ஆவணியில் சொர்ணவாரி நெல் அறுப்பு முடிந்ததும் முழுகுவதாக உபதேசியார் ஜோசப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவன் போன பிறகுதான் அறுப்பு வந்தது. அவனுடைய பங்காளிகள் அவனை ஏரிக்கரையில் எரித்தார்கள்.

அடுப்பில் இருப்பது யார் என்பதில் மில்லில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தீ நடுநடுவே தொண்டையைச் செருமியது, அவன் பீடி பற்றவைக்குமுன் செருமுவதைப் போலவே. சாராள் உபதேசியாரை அழைத்துவந்தாள். அவர் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "சாராளம்மா, மறைச்சு இன்னா ஆவப்போவுது. முழுக்கு வாங்காம போனவருக்கு அவியாத அக்கினிதான். முடிவே கெடையாது" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

அன்றிலிருந்து சாராளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பு வெடிக்கும் ஒவ்வொரு சத்தமும் அவளுக்கு அவனுடைய முனகலாகக் கேட்டது. ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். புரட்டாசி முழுக்க ஊற்றினாள். தீ குடித்தது, புகைகூட விடவில்லை. தண்ணீரும் உதவாது என்று தெரிந்தபின் அடுப்புக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். அவன் படும் வேதனைக்கு ஒரு முடிவுண்டு என்று யாராவது சொன்னால் போதும், எழுந்துவிடுவாள். சொல்வாரில்லை.

மில் முதலாளி ரங்கசாமிக்கோ உமி மிச்சம். ஐப்பசியில் அந்த அடுப்பின்மேல் அண்டாவை ஏற்றி நான்கு மூட்டை நெல்லைக் கொட்டச் சொன்னார். காலையில் ஏற்றியது சாயங்காலம்வரை ஆவி கட்டவில்லை. களத்தில் நெல் காயவைக்கிற குப்பாயி, துலுக்காணத்தின் அக்கா, அண்டாவுக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, சாராளைப் பார்க்க வந்திருந்த உபதேசியார் பக்கம் திரும்பினாள்.

"இன்னாய்யா உபதேசியாரே, இது இன்னா நெருப்புன்னு சொன்ன?"

"அவியாத அக்கினி, தாயே."

"பின்ன? சரியாத்தான் சொல்லிக்கீற. காலைலேர்ந்து ஒரு நெல்லு அவியல."

"அதில்ல தாயே. அவியாதன்னா அணையாத."

"அணையாததுன்னா அணையாததுன்னு எழுத வேண்டியதுதானே? நெல்லு அவிக்கிறவன் ஊட்ல வந்து அவியாதன்னா நாங்க இன்னான்னு எடுத்துக்கிறது? ஒருவாட்டி எரிச்சாச்சு. இன்னும் எத்தினிவாட்டி எரிப்பாரு உங்க சாமி?"

உபதேசியார் வேதப் புத்தகத்தை எடுத்து அந்த வரியைத் தேடிப் பார்த்தார். அணையாத என்று எங்கும் இல்லை. அவியாத என்றுதான் இருந்தது. மூடிவைத்துவிட்டார்.

சாராள் சாக்கிலிருந்து எழுந்தாள். யாரும் தடுக்குமுன் முழங்கைவரை அடுப்புக்குள் கையை நுழைத்தாள். விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள், நீட்டினாள். வெளியே எடுத்தபோது வளையலில் கரிகூடப் படியவில்லை. "குளிச்சுட்டு வந்து நிப்பாரே, அந்தச் சூடுதான் அண்ணி" என்றாள். மூன்றாம் நாள் அண்டாவைத் திறந்தபோது நான்கு மூட்டை நெல்லும் முளைவிட்டிருந்தது. ரங்கசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். சாராள் அன்று இரண்டு தட்டு சோறு தின்றாள்.

முளைத்த நெல்லைத் திருப்பாச்சூர்க்காரர் ஒருவர் நாற்றங்காலுக்கு வாங்கிப்போனார். ஒரு மணி பொய்க்கவில்லை. அதன்பிறகு பட்டத்துக்குப் பட்டம் விதைநெல் அங்கேதான் ஊறியது. பொதட்டூர்பேட்டையிலிருந்துகூட மாட்டுவண்டி வந்தது. பட்டணத்துப் பக்கம் கம்பெனிகள் எழும்பி, ஊர் ஆட்கள் ஷிப்ட்டுக்குப் போகத் தொடங்கியபோதும் சாராள் மில்லை விடவில்லை. வேலை முடிந்ததும் அடுப்பின் முன்னால் தலைவாரிக்கொண்டு அன்றைய சங்கதியைச் சொல்வாள். தீ செருமும்.

1977 மார்கழியில் அவளுக்கு நெஞ்சுச்சளி கண்டது. திருவள்ளூரிலிருந்து புதிய பாஸ்டர் வந்து, ஆண்டவர் அவளுக்காகப் பரலோகத்தில் இடம் வைத்திருக்கிறார் என்றார்.

"அங்க அவரு இருக்காராங்கய்யா?"

பாஸ்டர், கூட வந்திருந்த உபதேசியாரைப் பார்த்தார். ஜோசப் இல்லையென்று தலையசைத்தார்.

"அப்ப எனக்கு அந்த எடம் வேணாங்கய்யா. வேற யாருக்கனா குடுக்கச் சொல்லுங்க."

"அம்மா, நீங்க கேக்கறது நரகம்."

"அங்க வேவாதுங்கய்யா. நான் கையை உட்டுப் பாத்துட்டேன்."

சாராளைக் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். மறுநாள் காலை அடுப்பின் தீ ஓர் ஆள் அகலம் கூடி, வாய் கொள்ளாமல் பிதுங்கி நின்றது. ரங்கசாமி கொத்தனாரை வரவழைத்தார். இடது பக்கத்தில் ஆறு செங்கல்லை எடுத்து இடம் விடச் சொல்லிவிட்டு, களத்து வேலையைப் பார்க்கப் போனார்.