ஐயும் குவ்வும் உதிர்ந்த பேச்சு

கச்சிமுகம்மதுவுக்கு வலது பக்கம் இழுத்து, பேச்சு விழுந்து, நாற்பது நாள் கழிந்தபோது அவருடைய மச்சான் ஷரிபுதீன் மாஸ்டர் இலக்கணப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருதமுனை வீட்டுக்கு வந்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவன் தோடம்பழம் கொண்டு வருவான், குறைந்தது ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டு வருவான். தன் கூடப்பிறந்த காக்கா கொண்டுவந்ததைக் கண்ட அவர் பெண்சாதி ஹாஜறாவுக்கு அன்றைக்கே உள்ளுக்குள் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

பேச்சு திரும்பியிருந்தது மெய்தான். ஆனால் பாதிதான் திரும்பியிருந்தது. மீன், கத்தி, தறி, மழை, எல்லாப் பேரும் கச்சிமுகம்மதுவின் வாயில் இருந்தன. பேருக்குப் பின்னால் ஒட்ட வேண்டிய ஐ, கு, ஆல் எல்லாம்தான் போய்விட்டன. "ஹாஜறா… மீன்… கத்தி… வெட்டு" என்பார். கத்தியால் என்று வராது, மீனை என்றும் வராது. கல்முனை ஆஸ்பத்திரி அப்போதிக்கரி தலையில் இரத்தக்குழாய் அடைத்ததன் வினை இது என்று சொல்லி, எண்ணெய் தேய்க்கச் சொன்னார். மாஸ்டருக்கு அது போதவில்லை. சண்டைக் காலத்தில் மச்சான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பான்காரனுக்குக் கீழே மூன்றரை வருசம் கணக்கப்பிள்ளையாக இருந்து அவன் பாசையைப் படித்தவர். அந்தப் பாசைதான் உள்ளே கிடந்து தமிழை அரித்துவிட்டது என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பாடம் தொடங்கும். பள்ளியால் வருகிற நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து குந்திக்கொள்வார்கள். சுகம் விசாரிக்க வந்ததாகத்தான் பேச்சு. கொடுத்த தேத்தண்ணியை மிச்சமில்லாமல் குடிப்பார்கள். ஒருநாள் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"கச்சியை ஹாஜறா ஏசினாள். ஆரு ஏசின?"

கச்சிமுகம்மதுவின் நெற்றி வியர்த்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, "கச்சி" என்றார்.

வந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தது இது, மூளை காய்ந்துபோய்விட்டது என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். பிழையாகச் சொல்லிவிட்டோம் என்பது கச்சிமுகம்மதுவுக்கும் தெரிந்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தேத்தண்ணி ஊற்றிய குசினி வாசலில் நின்ற ஹாஜறா அத்தனை பேரின் பல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெற்றிலைக் காவி ஏறாத பல் ஒன்றுகூட அங்கே இருக்கவில்லை.

ஆட்கள் போனபின் அவளே அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டாள். ஹாஜறா கச்சியை ஏசினாள், ஆரு ஏசின? "ஹாஜறா" என்றார் உடனே. ஹாஜறாவைக் கச்சி ஏசினார் என்றாள். அதற்கும் "ஹாஜறா" என்றார். சோத்தைக் கச்சி தின்றார் என்றதற்குக் "கச்சி" என்று சொல்லிவிட்டு, சோறு மனிசனைத் தின்னுமா என்பது போல அவளைப் பார்த்துச் சிரித்தார். இழுத்த வாயால் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஹாஜறாவுக்கு விசயம் பிடிபட்டது. சொல் உள்ளே போகிறது, அதன் வால் போகவில்லை. எந்தப் பேர் முதலில் வருகிறதோ அந்த ஆள்தான் செய்தது என்று எடுத்துக்கொள்கிறார். அன்றிலிருந்து செய்தவரை முன்னுக்கு வைத்தே அவள் கதைத்தாள். வீட்டில் தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது. இதைக் காக்காவிடம் சொன்னபோது, பொம்பிளைக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று கேட்டுவிட்டு அவர் பக்கத்தைப் புரட்டினார்.

அந்த மாசம் நெசவாளர் சங்கத்துக்குப் புதிய தறிகளைப் பூட்ட மோரி என்ற ஜப்பான்காரர் வந்து இறங்கினார். கூடவே கனகரெத்தினம் என்ற அரசாங்க அலுவலரும் வந்தார். மோரியின் பேச்சைத் தமிழில் சொல்லக் கச்சிமுகம்மதுவைத்தான் சங்கம் முன்பு பேசி வைத்திருந்தது. மாஸ்டர் ஓடிப்போய், மச்சானுக்கு விசர், புத்தி கலங்கிப்போச்சு, நான் இங்கிலீசில் கதைக்கிறேன் என்று நின்றுகொண்டார். அவர் கதைத்த இங்கிலீசு மோரிக்கும் விளங்கவில்லை, இங்கிலீசு படித்த கனகரெத்தினத்துக்கும் விளங்கவில்லை. ஒரு தறி இரண்டு நாளாக நூலை அறுத்துக்கொண்டே கிடந்தது.

மூன்றாம் நாள் ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புருசனைக் கையில் பிடித்துச் சங்கத்துக்குக் கூட்டிப்போனாள். கச்சிமுகம்மது தறியைச் சுற்றிப் பார்த்தார். நூலைக் குறுக்கே கொண்டு ஓடுகிற நாடாக்கட்டையின் முனையை இடது கையால் தடவி, "இத்தொ… கிரெரு… நே" என்றார். நூல் அறுகிறது, என்ன? மோரி குதூகலமாகத் தலையாட்டி, நாடாவைக் கழற்றி முனையை உரசினார். நூல் அறாமல் நின்றது.

பிறகு மோரி நீளமாக ஒன்று கேட்டார். கச்சிமுகம்மது ஆரு செய்தது என்பதை மாற்றித் தலைகீழாகப் பதில் சொன்னார். மோரி அவருடைய சோர்ந்த வலது கையைப் பார்த்தார். அப்புறம் தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். கனகரெத்தினம் அதைத் தமிழில் சொன்னார். மோரியின் மூத்த சகோதரர் சண்டையில் தலையின் இடது பக்கம் குண்டு பட்டுத் திரும்பியவராம். அவர்களுடைய பாசையிலும் தமிழைப் போல, வா, கா, ஓ, நி என்ற சின்னச் சத்தங்கள் பேருக்குப் பின்னால்தான் வருமாம். அவருக்கும் அவைதான் உதிர்ந்தனவாம். பேர்கள் தங்கின. கேட்கிறவனைக் கூட இழுத்துக்கொள்கிற அந்தக் கடைசி 'நே'யும் தங்கியது. அவருடைய புத்தி ஒரு நாளும் கெடவில்லையாம். தங்கள் நாட்டுத் தறிக்காரரும் வேலைப்பேச்சில் அந்தச் சத்தங்களை விட்டுவிட்டுத்தான் கதைப்பார்களாம், அதனால் கச்சிமுகம்மது சொன்னது தனக்குச் சட்டென்று விளங்கியதாம்.

"செய்தவரை முதலில் சொன்னால் தன் அண்ணனுக்கு விளங்கும் என்கிறார். நீங்களும் அப்படியா கதைக்கிறீங்க?" என்று கனகரெத்தினம் ஹாஜறாவிடம் கேட்டார்.

"ஓம்," என்றாள்.

பக்கத்தில் நின்ற மாஸ்டர் விடவில்லை. ஒழுங்கான இலக்கணம் இல்லாத பாசைக்காரன் சொல்வதையெல்லாம் ஒரு கதையென்று கேட்கிறீர்களா என்று கனகரெத்தினத்தைப் பார்த்துக் கேட்டார். ஹாஜறா அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"காக்கா, இவர்ர தலையில ஐயும் குவ்வும்தான் இல்ல. உங்கட தலையில அது ரெண்டும் மட்டும்தான் இரிக்கி."

தறிக்காரர்கள் குனிந்துகொண்டார்கள். கனகரெத்தினம் இருமினார். அதை அவர் மோரிக்கு இங்கிலீசில் சொல்லவில்லை.

அதன்பின் மோரி நின்ற பதினொரு நாளும் கச்சிமுகம்மது சங்கத்துக்குப் போனார். தறிகள் எல்லாம் ஓடின. மோரி போனபிறகும் அவர் காலையில் சாறனை உடுத்துக்கொண்டு தானாகவே புறப்பட்டார். உதிர்ந்தவை திரும்பவே இல்லை. தன்னுடைய வெள்ளிக்கிழமைப் பாடத்தால்தான் மச்சான் எழும்பி நடக்கிறார் என்று மாஸ்டர் பள்ளி வாசலில் நின்று சொன்னதாக அடுத்த வளவு ஸைனம்பு ஓடிவந்து சொன்னாள். மறுத்துச் சொல்லக்கூட அந்த ஆளுக்குப் பெறுமதியில்லை என்று ஹாஜறாவுக்குத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் வந்தபோது வளவு வாசல் கடப்படியிலேயே கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். உள்ளே கூப்பிடவில்லை. குடித்துவிட்டு அவர் எழும்பிப் போனார்.

"ஆரு… வந்த?" என்று உள்ளேயிருந்து கச்சிமுகம்மது கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல," என்றாள், கோப்பையைக் கழுவிக்கொண்டே.