வாசனை வராத கதை

1

இந்தக் கதை எனக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காத்திருந்தபோது கிடைத்தது. காதில் மாட்டும் கருவி கொய்யென்று இரைகிறதே என்று காட்டப் போயிருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் குரல்:

"மொதலாளியம்மாகிட்ட வாயத் தொறந்தே, அப்புறம் நான் உனக்கு அக்கா இல்ல."

"மோப்பம் போன சமையல்காரிய வச்சுக்கிட்டு நான் எப்படிக்கா ஒயின் ஊத்துறது?"

அதற்குள் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. (கதைகள் எனக்குப் பேச்சாகத்தான் வரும். முகம், உடுப்பு, ஜன்னல் வெளிச்சம் எதுவும் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மாலைக் கதிரொளியில் மதுக்கோப்பை மாணிக்கமாய்…'

அடித்துவிட்டேன். ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயினை நான் நாக்கில் வைத்ததே இல்லை. நிறம் மட்டும் தெரிந்தவள் மாணிக்கம் என்றுதான் எழுதுவாள்.

ஆகவே நேரே சமையலறைக்குப் போவோம். மதியம். உணவகம் இன்னும் திறக்கவில்லை. இங்கே அக்கா சமைக்கிறாள், தம்பி ஒயின் ஊற்றுகிறான். ஒரு காய்ச்சலில் அக்காவுக்கு மோப்பம் போய்விட்டது. உப்பு, புளிப்பு தெரிகிறது. பூண்டு பொரிகிற மணம் தெரியவில்லை. இதுவரை கைப்பழக்கத்தில் ஓட்டிவிட்டாள். இன்று மாலை முதலாளியம்மா புதிதாக வந்த ஸ்பெயின் ஒயினை அக்காவின் பதார்த்தத்தோடு சேர்த்துச் சுவைக்கப் போகிறாள். சேரவில்லையென்றால் அடுப்பு வேறு கைக்குப் போய்விடும்.

"மோந்து சொல்லுடா."

"செர்ரிப் பழம். பழைய தோல் பை. கொஞ்சம் வனிலா. மிளகு."

"தோல் பைய எங்கடா வேக வைப்பேன்? கடைசியா என்ன சொன்னே, மிளகா?"

மிளகை அள்ளிப் போட்டுக் கோழி வறுத்தாள். ஒரு துண்டு, ஒரு மிடறு.

"ஐயோ, பத்திக்கிச்சுடா வாயி!"

"ஒயின் காரத்தக் கிளறி விடும்க்கா."

"இத மொதல்லயே சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

3

(தம்பி அளவுக்கு மீறி நல்லவனாக இருக்கிறான். சந்தேகமாக இருந்தது. முதலாளியம்மாவிடம் முன்பே போட்டுக் கொடுத்துவிட்டான் என்று ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் நான் கேட்ட அந்த 'எப்படிக்கா'வோடு அது ஒட்டவே இல்லை. கிழித்தேன். நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

"நீ சொல்ற வாசனையெல்லாம் என் காதுலதான்டா விழுது. குடு இங்க."

வெறும் ஒயினை வாய் நிறைய வைத்துக்கொண்டு அவள்

[இங்கே ஒரு வர்ணனை வர வேண்டும். வரவில்லை.]

"என்னக்கா?"

"கன்னத்த உள்ள இழுக்குது. கொய்யாக்காயக் கடிச்ச மாதிரி. நாக்கு சொரசொரன்னு ஆயிடுச்சு."

"துவர்ப்புக்கா அது. திராட்சைத் தோல்லேருந்து வர்றது."

"துவர்ப்பு எனக்குத் தெரியாதா? மூக்குதான்டா தூங்குது, நாக்கு முழிச்சுத்தான் இருக்கு. அடுப்புல மெதுவா வேகுதே ஆட்டுத்தொடை, அதுல ஒண்ணு வெட்டு. கொழுப்போட."

கறி. பிறகு மிடறு.

"டேய்!"

"என்ன, எரியுதா?"

"சொரசொரப்பக் காணோம்! கறி இத வழவழன்னு ஆக்குது, இது கொழுப்ப வழிச்சு விடுது. வாய் அடுத்த துண்டக் கேக்குதுடா."

"அக்கா, சேந்துடுச்சுக்கா!"

"கத்தாதே. இன்னொரு துண்டு வெட்டு."

4

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் முதலாளியம்மா "ம்" என்று மட்டும் சொல்லி இரண்டாவது துண்டை எடுக்கிறாள். இன்னொன்றில் அக்காவே சொல்லிவிடுகிறாள்:

"எனக்கு மோப்பம் இல்லம்மா. இத வாய வச்சுத்தான் சேத்தேன்."

"அப்போ அந்த வாய வச்சே சமை. மூக்கு வர்றப்ப வரட்டும்."

எதை எடுத்துக்கொண்டாலும் சரி. அடுப்பு அவளுடையது, அதை மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன்.

ஆனால் முதலாளியம்மா வருவதற்கு முன் ஒன்று நடந்துவிட்டது. நான் எழுதியதல்ல, கதைக்குள்ளிருந்து தானாகக் கேட்டது.

"மறுபடியும் கோப்பையத் தூக்குறியா? சாயங்காலத்துக்கு மிச்சம் வையிக்கா."

"ஷ்… பேசாதே."

"என்னக்கா?"

"பேசாதேங்கிறேன்ல. என்னமோ… எங்கேயோ…"

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. பேசாததைக் கேட்கும் காது எனக்குக் கிடையாது, கருவி மாட்டியும்கூட. கோப்பை இன்னும் அவள் மூக்கடியில்தான் இருக்கிறது. கொஞ்சம் குனிந்து, என்ன மணக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.