எத்தனை அண்ணன்?

வான்மதிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. குடியேற்ற அலுவலகத்துப் பார்க்கிங்கில் காரை நிறுத்திய பிறகும் ஸ்டீயரிங்கை விடவில்லை. பக்கத்தில் அவள் கணவன் செழியன், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான்.

"என் டூத் பிரஷ் என்ன கலர்?"

"எது, டெக்ஸஸ்ல இருக்கறதா, இங்க இருக்கறதா?"

அதுதானே வம்பே. அவள் அமெரிக்கக் குடிமகள், இங்கே வெஸ்ட் வின்ட்சரில் வீடு. அவனுக்கு வேலை டெக்ஸஸ் ஆலனில். மாதத்தில் இரண்டு வாரக்கடைசி மட்டும் சேர்ந்து இருக்கிற தம்பதியை எந்த அதிகாரி நம்புவார்? முதல் இன்டர்வியூவிலேயே சந்தேகம் வந்துவிட்டது. இன்று இருவரையும் தனித்தனியாக வைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில்கள் பொருந்தாவிட்டால் செழியனின் கிரீன் கார்டு போச்சு, அவன் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், வான்மதி சம்பளம் வாங்குவதே இந்த மாதிரி விளையாட்டை ஆராய்வதற்குத்தான். குவாண்டம் ஆட்டக் கோட்பாடு. இரண்டு ஆட்டக்காரர்களைப் பிரித்து வைத்துக் கேள்வி கேட்பார்கள், பேசிக்கொள்ளக் கூடாது; பதில்கள் விதிப்படி பொருந்தினால் ஜெயம். என்னதான் முன்கூட்டிப் பேசி வைத்தாலும் நான்கு ஆட்டத்தில் சராசரியாக மூன்றுக்கு மேல் ஜெயிக்க முடியாது. பின்னிப்பிணைந்த துகள் ஜோடியில் ஆளுக்கொன்று கையில் இருந்தால் மட்டும் அந்த வரம்பைத் தாண்டலாம். அந்தத் துகள்களுக்கு நடுவே சேதி எதுவும் போவதில்லை. ஆனாலும் பதில்கள் ஒட்டி வரும். மேடையில் இதை அழகாக விளக்குவாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பேசி வைத்த கேள்விகளைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. பேசி வைக்காத இடத்தில் இருவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிட்டால்? அதுதான் அரித்தது.

உள்ளே முதலில் அவளைக் கேட்டார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண் அதிகாரி. கேள்விகள் எல்லாம் எதிர்பார்த்தவைதான், ஒன்றைத் தவிர.

"உங்கள் கணவருக்கு எத்தனை சகோதரர்கள்?"

"இரண்டு. சேனாபதி, நஞ்சுண்டன்."

"உங்களுக்கு?"

"யாரும் இல்லை. நான் ஒரே பெண்."

பிறகு செழியனைக் கூப்பிட்டார்கள். அவள் வெளியே நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். கடைசியில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார் அதிகாரி.

"தனக்குச் சகோதரர்களே இல்லை என்கிறார் உங்கள் கணவர். நீங்கள் இரண்டு என்கிறீர்கள்."

சேனாபதியும் நஞ்சுண்டனும் செழியனின் பெரியப்பா பிள்ளைகள். கல்யாணத்தில் 'எங்க அண்ணனுங்க' என்று அவன்தான் அறிமுகப்படுத்தினான்.

"இன்னொன்று. உங்களுக்குப் பிரணவ் என்று ஒரு தம்பி உண்டு என்கிறார். நீங்கள் யாருமில்லை என்றீர்கள்."

பிரணவ் அவள் சித்தப்பா மகன். செழியன் அவசர அவசரமாக விளக்கினான்: எங்கள் வழக்கத்தில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தம்பிதான், அதற்குத் தனி வார்த்தை கிடையாது.

"அப்படியானால் அவரவரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஏன் இல்லை என்றீர்கள்? இருவருமே?"

வான்மதி மெல்லச் சொன்னாள்.

"என் சொந்தத்தை இந்த ஊருக்குத் தகுந்தபடி நான் குறைத்துச் சொல்லலாம். அவருடைய அண்ணன்களை இல்லை என்று சொல்ல நான் யார்?"

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேசி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரே தப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் செய்வதில்லை," என்றார். "ஒப்புதல் கொடுக்கிறேன்."

லிஃப்ட் கதவு மூடியதும் செழியன் தாங்க மாட்டாமல் கேட்டான்.

"நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன் பிரணவ். அவனைப் போய் இல்லன்னு எப்படி மதி சொன்ன?"

அவன் நிஜமாகவே கோபப்பட்டான், பேசி வைக்காத கோபம். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.