நீலம் போன தெரு

ஆற்றுக்கு எவ்வளவு மரியாதை தெரியும் என்கிறீர்கள்? சர்க்கார் போட்ட கோட்டைத் தாண்டி வரவே வராது. ஊர் அப்படித்தான் நம்பியது. கோட்டைப் போடுகிறவன் நம் இன்ஜினியர். கரையின் உயரம், தெருவின் பள்ளம், மழைக் கணக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கொட்டி, வெள்ளம் எந்தெந்தத் தெருவுக்குள் நுழையும் என்று மேப்பில் நீலம் அடிப்பது அவன் வேலை. அடித்தான். அக்கா வீட்டுத் தெரு முழுக்க நீலம்.

சும்மா இருப்பாளா அக்கா? அம்மா போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள். அத்தான் வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. வாங்க வந்தவர் மேப்பைப் பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டார்.

“ஏன்டா, ஊரையெல்லாம் விட்டுட்டு எங்க தெருதான் கிடைச்சுதா உனக்கு? கூடப்பிறந்தவ மேல என்னடா கோவம்?”

“கோவமெல்லாம் இல்லக்கா. உங்க தெரு பள்ளம். தண்ணி அங்கதான் வரும்.”

“வந்தா நான் பாத்துக்கறேன். நீ கோட்டைத் தள்ளிப் போடு.”

அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளை முறுக்குக்கு முன்னால் விஞ்ஞானம் எம்மாத்திரம்?

ஒரு வீட்டை மட்டும் நீலத்திலிருந்து எடுத்தால் மாட்டிக்கொள்வானே. படித்த பிள்ளை அல்லவா, கம்ப்யூட்டரில் தெருவின் தரைமட்டத்தையே தூக்கிவிட்டான். ஒரு கூடை மண் கொட்டாமல் தெரு மேடாகிவிட்டது; நீலமும் போய்விட்டது. மேலதிகாரி பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார். தெருக்காரர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆற்றுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. எச்சரிக்கை போனது நீலத் தெருக்களுக்கு. படகு போனதும் அங்கேதான். என்ன ஒழுங்கான நிர்வாகம்! இன்ஜினியர் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் நின்றிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

“டேய், படகு தெருமுனையோட திரும்பிப் போகுதுடா! கூப்பிட்டா, உங்க தெரு மேப்புல இல்லம்மாங்கறான். பீரோ சாஞ்சு அத்தான் கால் அதுக்கடியில மாட்டிக்கிச்சு. என்னால தூக்க முடியல. தண்ணி ஏறிக்கிட்டே இருக்குடா!”

அவன் போனை வைக்காமலே, படகுகளை அனுப்பும் பெண்ணிடம் ஓடினான். “அந்தத் தெருவுக்கு ஒரு படகு. உடனே.”

அவள் திரையைப் பார்த்தாள். “அது மேட்டுத் தெரு சார். பள்ளத்துக்குப் போற படகைத் திருப்பணும்னா காரணம் சொல்லணும்.”

பக்கத்தில் மேலதிகாரி. பின்னால் போலீஸ், நிருபர்கள். அவன் குனிந்து, “மேப் பொய், நான்தான் மாத்தினேன்” என்று முனகினான்.

“என்ன சார்?”

போனுக்குள்ளிருந்து அக்கா அலறினாள். “முணுமுணுக்காதடா பாவி! அவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லு!”

சொன்னான். தொண்டை கிழியச் சொன்னான். அறையே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கை எடுத்தபடியே கேட்டாள். “ஒரு படகுன்னீங்களே சார். அந்தத் தெருவுல மொத்தம் எத்தனை வீடு?”